வாசகர் கேள்வி–பதில்: நாள்பட்ட நோய்ச் சிகிச்சையில் முடிவெடுக்கும் கணிதம்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் போன்ற நாள்பட்ட நோய்களுக்கு எந்த மருந்தை எப்போது தொடங்குவது, எப்போது மாற்றுவது என்பதைக் கணித மாதிரிகளைக் கொண்டு ஆராயும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை இப்போதே தொடங்குவதா, சில ஆண்டுகள் பொறுப்பதா என்று மருத்துவரும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். இதில் கணிதத்துக்கு என்ன வேலை? மருத்துவர் சோதித்துப் பார்த்துச் சொன்னால் போதாதா?

மருத்துவர் சோதித்துச் சொல்வது இன்றியமையாதது. எந்தக் கணக்கும் அதற்கு ஈடாகாது. ஆனால் உங்கள் கேள்வி காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதா என்பது போன்ற கேள்வி அன்று. காய்ச்சலில் ஒரு முடிவு எடுக்கிறோம், சில நாள்களில் விளைவைப் பார்த்துவிடுகிறோம். நாள்பட்ட நோயிலோ, இன்று எடுக்கும் முடிவின் பலன் பத்து இருபது ஆண்டுகள் கழித்து, அதுவும் வராமல் போன மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோதான் கிடைக்கிறது. வராமல் போனதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஆகையால் மிகுந்த அனுபவமுள்ள மருத்துவருக்கும்கூட, மூன்று ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கியதால் என்ன கிடைத்தது, பின்னதாகத் தொடங்கியதால் என்ன போயிற்று என்பது தம் நோயாளிகளைப் பார்ப்பதால் மட்டும் தெரிந்துவிடாது. பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பெற்ற தரவுகளை ஒரே கணக்குக்குள் கொண்டுவந்து, அந்த ஒப்பீட்டைச் செய்வதற்காகவே இந்த மாதிரிகள் உருவாயின.

மாதிரியில் நான்கு உறுப்புகள் உண்டு. நோயாளி இருக்கக்கூடிய நிலைகள் முதலாவது: அவருடைய வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகத்தின் செயல்பாடு ஆகியவை சேர்ந்தது ஒரு நிலை. ஒவ்வொரு நிலையிலும் எடுக்கக்கூடிய முடிவுகள் அடுத்தது: மருந்தைத் தொடங்கு, பொறுத்திரு, இன்னொன்றைச் சேர். ஒரு முடிவை எடுத்தால் அடுத்த ஆண்டு எந்த நிலைக்குப் போவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்ற நிகழ்தகவு மூன்றாவது. அந்த ஆண்டை அவர் எவ்வளவு நலமாக வாழ்ந்தார் என்ற மதிப்பு நான்காவது. நிலைக்கு நிலை மாறும் நிகழ்வுத் தொடர்களைப் பற்றிய அடிப்படையை ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ் 1906-ஆம் ஆண்டில் வகுத்தார். அத்தகைய தொடரில் ஒவ்வொரு கட்டத்திலும் சிறந்த முடிவைக் கண்டுபிடிக்கும் வழியை அமெரிக்கரான ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் காட்டினார். மருத்துவத்தில் நோயின் போக்கைக் கணிக்க மார்க்கோவ் முறையைப் பயன்படுத்தலாம் என்பதை 1983-இல் பெக், பாக்கர் என்ற இருவர் எழுதிய கட்டுரை பரவலாக்கியது.

பெல்மனின் வழி பின்னிருந்து முன்னாகச் செல்வது. குறித்த நேரத்தில் ஓர் ஊரைச் சேர வேண்டியவர், சேரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படும் நேரத்தை முடிவு செய்வது போலத்தான் அது. வாழ்நாளின் இறுதி என்று ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஆண்டில் எந்த முடிவு சிறந்தது என்று காண்கிறோம்; அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கும் முந்தைய ஆண்டுக்குப் போகிறோம்; இப்படியே உங்கள் 38-ஆம் வயதுவரை வந்து சேர்கிறோம். வந்து சேரும்போது கையில் இருப்பது ஒற்றை முடிவாக இருக்காது. ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு நிலையிலும் என்ன செய்வது என்ற முழுத் திட்டமாக இருக்கும். ‘இப்போது வேண்டாம்’ என்ற விடைகூட, ‘இன்ன அளவைத் தாண்டினால் தொடங்கு’ என்ற குறிப்போடு சேர்ந்துதான் வரும்.

உங்கள் கேள்வியையே ஆராய்ந்த ஓர் ஆய்வு உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் ஸ்டேட்டினை எப்போது தொடங்குவது நல்லது என்பதை பிரையன் டென்டனும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் இந்த முறையில் கணக்கிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தை மதிப்பிட எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்து, தொடங்க வேண்டிய காலம் மாறியது என்பது அதில் நான் மிகவும் மதிக்கும் முடிவு. ஆகவே யாராவது உங்களிடம் ‘கணக்குப்படி இந்த வயதில் தொடங்க வேண்டும்’ என்று சொன்னால், எந்த அபாயச் சூத்திரத்தின்படி, அது எந்த மக்களிடமிருந்து திரட்டிய தரவு என்று கேளுங்கள். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்த சூத்திரம் வேறு. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேரைச் சேர்த்த ஆய்விலிருந்து பிறந்த சூத்திரம் வேறு. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உண்டா, புகைப்பழக்கம் உண்டா, சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்பவையும் உங்கள் நிலையை மாற்றும். அவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டால் எந்த மாதிரியும் உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: என் தந்தைக்கு 79 வயது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7-க்குள் இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக வற்புறுத்திவந்த மருத்துவர், இப்போது 8 வரை இருந்தாலும் போதும் என்று சொல்லி ஒரு மருந்தையும் நிறுத்திவிட்டார். வயதானவர்தானே என்று கைவிட்டுவிட்டாரோ என்று எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

கலங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் விவரங்களைப் பார்த்தால், அவர் உங்கள் தந்தையைக் கூடுதல் கவனத்தோடு நடத்துகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதன் நன்மை மெதுவாக வருவது. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைக் காக்கும் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அதன் தீமையோ உடனே வருவது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வருவதும், அதனால் விழுந்து எலும்பு முறிவதும் இன்றைக்கே நடக்கக்கூடியவை. முதுமையில் அவற்றிலிருந்து மீள்வதும் கடினம். 45 வயதில் நோய் கண்டறியப்பட்டவருக்கு அந்த மெதுவான நன்மையை அறுவடை செய்யப் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. 79 வயதில் தராசின் மறு தட்டு கனக்கிறது. அதனால்தான் வேறு நோய்களும் சேர்ந்துள்ள முதியவர்களுக்கு 8-க்குக் கீழ் என்ற தளர்ந்த இலக்கே போதும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

இறுக்கிப் பிடித்தால் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையை உலுக்கிய பெரிய சோதனை ஒன்றையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ‘அக்கார்ட்’ என்ற அந்தச் சோதனையில் இதயநோய் அபாயம் மிகுந்த 10,251 நீரிழிவு நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. மற்றவர்களுக்கு 7 முதல் 7.9 வரை. தீவிரமாகக் குறைத்த பிரிவில் இறப்பு கூடுதலாக இருந்ததால், 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிரச் சிகிச்சையையே நிறுத்த நேர்ந்தது. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே எண்ணை இலக்காக வைப்பது தவறு என்பதை அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை.

இனி இதில் கணக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். இங்கே நான் தரும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு சிகிச்சை, 20 ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் சராசரியாக 90 நாள் நலமான வாழ்வைக் கூட்டித் தருகிறது என்று கொள்வோம். அதை நாள்தோறும் எடுப்பதில் உள்ள தொல்லை, அதாவது ஊசியின் வலி, நேரம் தவறாமை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, பக்கவிளைவு எல்லாம் சேர்ந்து, ஓர் ஆண்டில் 2 நாள்களை இழப்பதற்குச் சமம் என்று ஒருவர் கருதினால், 20 ஆண்டுகளில் இழப்பு 40 நாள். மிச்சம் 50 நாள். இன்னொருவருக்கு அதே தொல்லை ஆண்டுக்கு 6 நாள்களுக்குச் சமமாகத் தோன்றினால், இழப்பு 120 நாள். அவருக்கு அந்தச் சிகிச்சை நட்டம். மருந்து ஒன்றே, நோய் ஒன்றே, இருவருக்கும் சரியான முடிவு வேறு. 2014-இல் வெளியான ஒரு மாதிரி ஆய்வு இதையே நீரிழிவில் காட்டியது: எச்பிஏ1சி-யை ஒரு புள்ளி குறைப்பதன் ஆதாயம், நடுத்தர வயதில் நோய் கண்டவர்களுக்குப் பெரிதாகவும் 75 வயதில் கண்டவர்களுக்கு மிகச் சிறிதாகவும் இருந்தது, சிகிச்சையின் தொல்லை ஆண்டுக்கு மூன்று நான்கு நாள் இழப்புக்கு நிகரானாலே முதியவர்களிடம் அந்தச் சிறு ஆதாயமும் அழிந்துபோனது.

ஆகவே உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். உங்கள் தந்தைக்கு எந்த மருந்து, எந்தக் கட்டுப்பாடு மிகவும் சுமையாக இருக்கிறது என்று அவரையே கேளுங்கள். பிள்ளைகள் அவருக்காகப் பதில் சொல்வதும், மருத்துவர் ஊகித்துக்கொள்வதும் நாம் அன்போடு செய்யும் தவறுகள். அவர் சொல்லும் பதிலை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்த எண் அவரிடமிருந்து மட்டுமே வரக்கூடியது.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் இதய அபாயக் கணிப்பானில் என் விவரங்களைப் பதிந்தால் ‘பத்தாண்டில் 12 விழுக்காடு’ என்று வருகிறது. இதை வைத்து நானே மருந்தைக் குறைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்தக் கணிப்பான் அபாயத்தை மட்டும் சொல்கிறது; எந்த மருந்து அதை எவ்வளவு குறைக்கும், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை. மேலும், 12 விழுக்காடு என்றால் உங்களைப் போன்ற நூறு பேரில் பன்னிரண்டு பேருக்குப் பத்தாண்டுக்குள் நிகழலாம் என்று பொருள். நீங்கள் அந்தப் பன்னிருவரில் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. ஏற்கெனவே மருந்து எடுப்பவருக்கு அந்தச் சூத்திரம் பொருந்துமா என்பதும் கணிப்பானுக்குக் கணிப்பான் மாறும். திரையில் கண்டதைக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் முதுகலைக் கணிதம் படிக்கிறேன். மார்க்கோவ் தொடரில் அடுத்த நிலை இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்தது. கடந்த காலம் மறக்கப்பட்டுவிடும். உடலோ எதையும் மறப்பதில்லை. இப்படிப்பட்ட மாதிரி நோய்க்கு எப்படிப் பொருந்தும்?

மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். எச்பிஏ1சி 8 என்ற நிலையில் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் அங்கே வந்து ஓர் ஆண்டுதான் ஆகிறது, மற்றவர் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறார். இருவருடைய கண்களும் சிறுநீரகங்களும் ஒன்றல்ல. நான் மேலே குறிப்பிட்ட பிரிட்டன் ஆய்வின் தொடர்ச்சி 2008-இல் வெளியானபோது, தொடக்க ஆண்டுகளில் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, பிற்காலத்தில் இரு பிரிவினரின் சர்க்கரை அளவுகளும் ஒன்றாகிவிட்ட பிறகும் நன்மை தொடர்ந்தது தெரிந்தது. உடல் நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கணிதத்தில் இதற்கு மாற்று உண்டு: மறக்கக் கூடாததை நிலைக்குள்ளேயே சேர்த்துவிடுவது. நோய் வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின, முன்பு மாரடைப்பு வந்ததா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பவற்றையும் நிலையின் பகுதியாக்கினால் மார்க்கோவின் நிபந்தனை மீண்டும் பொருந்தும். ஆனால் அதற்கு விலை இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகம் ஆகிய நான்கையும் நான்கு நான்கு படிகளாகப் பிரித்தால் 256 நிலைகள். 40 ஆண்டுகளுக்கு அவை 10,240 ஆகும். ஆறு மருந்துகளில் ஒவ்வொன்றும் எடுக்கப்படுகிறதா இல்லையா என்று சேர்த்தால் 6,55,360. நோயின் வரலாற்றை இதற்குமேல் சேர்த்தால் எண்ணிக்கை கோடிகளுக்குப் போய்விடும். பரிமாணங்களின் சாபம் என்று பெல்மன் இதைத்தான் குறிப்பிட்டார். கணினி இதைத் தாங்கிக்கொள்ளலாம். தரவு தாங்காது என்பதுதான் பெரிய சிக்கல். ஒவ்வொரு நிலையிலிருந்தும் மாறும் நிகழ்தகவை மதிப்பிட அந்த நிலையில் போதிய நோயாளிகள் இருந்திருக்க வேண்டும். பல நிலைகளில் ஒருவர்கூட இருக்கமாட்டார். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வில்தான் மாதிரியைக் கட்டுபவரின் மருத்துவ அறிவு வெளிப்படுகிறது. உங்களைப் போன்றோர் இத்துறைக்கு வர விரும்பினால், சூத்திரங்களைக் கற்கும் அதே அக்கறையோடு புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும் என்பேன்.

இன்னொரு கடினமும் உண்டு. நோயாளியின் உண்மையான நிலை நமக்கு நேராகத் தெரிவதில்லை. பரிசோதனையின் வழியாக மங்கலாகத்தான் தெரிகிறது. அதற்கென்று ஒரு பகுதி மட்டுமே புலப்படும் மார்க்கோவ் முடிவு மாதிரிகள் இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்கான பரிசோதனையை யாருக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை செய்வது என்ற கேள்வியில் அவை பயன்பட்டிருக்கின்றன.

கேள்வி: நான் சிறுநீரக மருத்துவர். மாதிரிகள் தரும் வரம்புகளைக் கேட்டு நடந்தால் என் நோயாளிக்கு நல்லதா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆய்வுகள் அவற்றைச் சோதித்திருக்கின்றனவா?

டாக்டர், உங்கள் துறையிலிருந்தே ஒரு சான்றைச் சொல்கிறேன். நீங்கள் அறிந்ததாகவே இருக்கும். டயாலிசிஸை முன்னதாகத் தொடங்குவது நல்லதா என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரிடம் நடத்திய ‘ஐடியல்’ சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது. சிறுநீரக வடிகட்டும் திறன் 10 முதல் 14 வரை இருக்கும்போதே தொடங்குவது ஒரு பிரிவு. 5 முதல் 7 வரை இறங்கும்வரை பொறுப்பது மற்றொரு பிரிவு. உயிர்வாழ்வதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பொறுத்திருக்க வேண்டிய பிரிவினரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், அறிகுறிகள் தோன்றியதால், குறித்த அளவுக்கு இறங்குவதற்கு முன்பே டயாலிசிஸைத் தொடங்க நேர்ந்தது. ஆய்வக எண்ணை மட்டும் நிலையாக வைத்துக் கட்டிய மாதிரி இதைக் கண்டிருக்காது. குமட்டல், மூச்சுத்திணறல், பசியின்மை, உடல் வீக்கம் ஆகியவை நிலைக்குள் இருக்க வேண்டும். நோயாளியின் படுக்கையருகே நீங்கள் பார்ப்பதை மாதிரிக்குள் கொண்டுவராதவரை உங்கள் ஐயம் நியாயமானதே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எச்ஐவி சிகிச்சையை எப்போது தொடங்குவது என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. மருந்துகளின் நச்சுத்தன்மை மிகுந்திருந்த காலத்தில் பொறுத்திருப்பதே அறிவுடைமையாகக் கருதப்பட்டது. மருந்துகள் மென்மையானதும் அந்தத் தட்டின் எடை குறைந்தது. முன்னதாகத் தொடங்குவதே மேல் என்ற பக்கம் கணக்கு சாய்ந்தது. 2008-இல் வெளியான சில மாதிரி ஆய்வுகள் இந்தத் திசையைக் காட்டின. 2015-இல் ‘ஸ்டார்ட்’ என்ற பெரிய சோதனை, உடனே தொடங்கியவர்களிடம் கடும் நோயும் இறப்பும் பாதிக்கும் கீழாகக் குறைந்ததைக் காட்டியது. அதே ஆண்டில் எச்ஐவி உள்ள அனைவருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பெரிய சோதனை முடிய ஆண்டுகள் ஆகும். அதுவரையில் எந்தத் திசையில் நிற்பது, எந்தச் சோதனையை நடத்துவது பயனுள்ளது என்று சொல்வது மாதிரியின் நல்ல பணி. சோதனையின் முடிவு வந்தபின் அதற்கு முன்னால் மாதிரி பணிய வேண்டும்.

எந்த மாதிரிக் கட்டுரையைப் படித்தாலும், முதல் பக்கத்திலுள்ள விடையைவிட, உள்ளீடுகளை மாற்றிப் பார்த்த பகுதியை முதலில் படியுங்கள். ஒரு நிகழ்தகவைச் சற்றே மாற்றினால் முடிவு தலைகீழாகிறது என்றால், அந்த நிகழ்தகவு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. பாதியாக்கினாலும் இரட்டிப்பாக்கினாலும் முடிவு அசையவில்லை என்றால் அதன்மேல் நம்பிக்கை வைக்கலாம்.

கேள்வி: பார்வை குறைந்தவரின் ஓராண்டு 0.8, டயாலிசிஸில் இருப்பவரின் ஓராண்டு 0.6 என்றெல்லாம் எண் கொடுக்கிறார்களாமே! டயாலிசிஸில் இருக்கும் கணவரைக் கவனித்துக்கொள்ளும் எனக்கு இது மனத்தைப் புண்படுத்துகிறது.

அம்மா, உங்கள் வருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். அந்த எண் உங்கள் கணவரின் மதிப்பு அன்று. அப்படி யாராவது பயன்படுத்தினால் அதை எதிர்க்க வேண்டும். அது பெறப்படும் விதம் இது: ‘இந்த நிலையில் பத்து ஆண்டுகள் வாழ்வதற்குப் பதிலாக முழு நலத்தோடு எத்தனை ஆண்டுகள் கிடைத்தால் ஏற்பீர்கள்?’ என்று கேட்கிறார்கள். எட்டு ஆண்டுகள் என்று சொன்னால் 0.8. நோயை நீக்குவதற்கு அவர் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதே அதன் பொருள்.

இதில் உண்மையான குறை ஒன்று உண்டு. நோயோடு வாழ்பவர்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தரும் மதிப்பு, அந்த நோய் இல்லாதவர்கள் கற்பனை செய்து தரும் மதிப்பைவிடப் பெரும்பாலும் உயர்ந்தது. வெளியாரின் கற்பனையை வைத்து ஒருவருக்கு எது கிடைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அநீதி. மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் இதை வலுவாக எடுத்துச்சொல்லியிருக்கின்றன. இத்தகைய ஆண்டுக்கணக்கைச் செலவு வரம்பாக அரசு மருத்துவக் காப்பீட்டில் பயன்படுத்துவதை அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுப்படுத்தியது. ஒருவர் தம் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கத் தம்முடைய எண்ணைப் பயன்படுத்துவது வேறு; பிறருக்குச் சிகிச்சையை மறுக்கப் பொது எண்ணைப் பயன்படுத்துவது வேறு. முதலாவதை நான் மனமார ஆதரிக்கிறேன். இரண்டாவதில், பங்கிட வேண்டிய நிதி எப்போதும் எல்லைக்குட்பட்டது என்பதை ஏற்கிறேன் என்றாலும், நோயாளிகளே இல்லாத அறையில் அந்த எண் முடிவாவதை ஏற்க மாட்டேன்.

கேள்வி: மருத்துவமனைப் பதிவேடுகளை எல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அதுவே சிறந்த சிகிச்சைத் திட்டத்தைக் கற்றுக்கொள்ளாதா? இத்தனை மாதிரிகள் எதற்கு?

கற்றுக்கொள்ளும்; தவறாகவும் கற்றுக்கொள்ளும். பதிவேட்டில் இன்சுலின் எடுத்தவர்களுக்கு எடுக்காதவர்களைவிடச் சிக்கல்கள் மிகுதியாக இருப்பதைக் காணலாம். இன்சுலினால் கெட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே நோய் முற்றியிருந்ததால்தான் அவர்களுக்கு இன்சுலின் கொடுக்கப்பட்டது. மருத்துவர் ஏன் அந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தார் என்ற காரணம் பதிவேட்டில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ‘சோர்வாகத் தெரிகிறார்’, ‘வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை’ என்பவை மருத்துவரின் மனத்தில் இருந்தவை. அவற்றை அறியாத எந்திரம், காரணத்தையும் விளைவையும் மாற்றிப் புரிந்துகொள்ளும். எந்த நிலையிலும் ஒருபோதும் முயன்று பார்க்காத சிகிச்சையைப் பற்றியும் பதிவேடு எதுவும் சொல்லாது. ஆகவே இப்படிக் கற்ற திட்டம் எதுவாக இருந்தாலும், குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்தும் சோதனையில் தேறிய பிறகே நோயாளியிடம் செல்ல வேண்டும். மருத்துவர்கள் தாங்கள் ஒரு மருந்தைத் தேர்ந்ததற்கான காரணத்தை ஒரு வரியாவது பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்த தலைமுறை மாதிரிகளுக்கு அது பெரும் உதவியாக இருக்கும்.